மூன்று வேலைக்கு ஒரே இயந்திரமா, வேலைக்கு ஒன்றா: வெல்டிங், கட்டிங் கேள்வி பதில்

கேள்வி: கிரில் பட்டறை வைத்திருக்கிறேன், என்னோடு இருவர் வேலை பார்க்கிறார்கள். ராடு வெல்டிங், டிக், பிளாஸ்மா கட்டிங் மூன்றையும் செய்யும் ஒரே பெட்டி, தனித்தனியாக வாங்குவதைவிட விலை குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா ஐயா? (திண்டுக்கல்)

பதில்: மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டாலும் அவை ஒரே தன்மையுள்ள வேலைகள் அல்ல. ராடு வெல்டிங் உருகும் ராடால் பற்றவைப்பது, டிக் உருகாத டங்ஸ்டன் முனையையும் ஆர்கான் வாயுவையும் வைத்துப் பற்றவைப்பது, பிளாஸ்மா மின்சாரத்தால் கொதிக்கவைத்த காற்றுத் தாரையால் உலோகத்தை வெட்டுவது. ராடு வெல்டிங்கில் 160 ஆம்பியர் ஓடும்போது ஆர்க்கின் (ராடு முனைக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்சுடரின்) மின்னழுத்தம் சுமார் 26 வோல்ட். பிளாஸ்மாவில் ஓடுவது 40 ஆம்பியர்தான் என்றாலும் மின்னழுத்தம் 100 வோல்ட்டை நெருங்கும், ஆர்க் பிடிப்பதற்கு முன்போ 200 வோல்ட்டுக்கும் மேல் நிற்கும். பெருக்கிப் பார்த்தால் இரண்டுமே ஏறத்தாழ 4 கிலோவாட். ஒரே இன்வெர்ட்டரை (லைன் மின்சாரத்தை வேலைக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மின்னணுப் பகுதியை) வைத்து இரண்டையும் ஓட்டலாம் என்ற எண்ணம் தயாரிப்பாளருக்கு வருவது இதனால்தான். ஆனால் குறைந்த வோல்ட்டில் அதிக ஆம்பியர், அதிக வோல்ட்டில் குறைந்த ஆம்பியர் என்று வெளியீட்டை மாற்றித் தரும் பகுதி இடையில் இருந்தாக வேண்டும். மலிவான பெட்டிகளில் முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தப் பகுதிதான் என்பது என் அனுபவம். நான் வாங்கிய முதல் கூட்டு இயந்திரத்தில் பிளாஸ்மா பக்கம் போனபோது, நன்றாக இருந்த ராடு வெல்டிங்கும் சேர்ந்து பழுது பார்க்கும் கடைக்குப் போய்விட்டது. பட்டறை ஒன்பது நாள் மூடிக் கிடந்தது.

இதையெல்லாம்விட நீங்கள் யோசிக்க வேண்டியது, உங்களோடு இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான். ஒருவர் தகட்டை வெட்டிக்கொண்டிருக்கும்போது மற்றவர் சட்டத்தைப் பற்றவைக்க வேண்டியிருந்தால், கூட்டு இயந்திரம் ஒருவரைக் கைகட்டி நிற்க வைக்கும். மிச்சப்பட்ட விலையைவிட அந்தக் கூலி சீக்கிரமே அதிகமாகிவிடும். கிரில் வேலையில் சதுரக் கம்பியையும் பட்டையையும் வெட்டுவதற்குக் கட்டிங் வீல் போதும். ஆகவே ராடு வெல்டிங் இயந்திரத்தைத் தனியாக வாங்குங்கள். தகட்டில் பூ வேலைப்பாடு வெட்டும் ஆர்டர்கள் தொடர்ந்து வரத் தொடங்கிய பின் பிளாஸ்மாவைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: அப்படியானால் ராடும் டிக்கும் சேர்ந்த இயந்திரமும் கூடாதா?

பதில்: தாராளமாக வாங்கலாம். இரண்டுக்கும் வேண்டியது, ஆர்க்கின் நீளம் சற்றே கூடிக் குறைந்தாலும் ஆம்பியர் மாறாத மின்சாரம். ஆகவே அந்தச் சேர்க்கை இயல்பானது. எர்த் கிளாம்பை நேர்முனையிலும் டிக் டார்ச்சை எதிர்முனையிலும் மாட்டி, தூய ஆர்கான் வைத்துக்கொண்டால் எவர்சில்வர் கைப்பிடி வேலை அழகாக வரும். அலுமினியம் செய்ய நினைத்தால் மட்டும், மாறுதிசை மின்சாரம் தரும் டிக் இயந்திரமா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு உருகுவதற்கோ 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தப் படலத்தை உடைத்தெறிவது மாறுதிசை மின்சாரத்தின் வேலை.

கேள்வி: லாரி பாடி கட்டும் பட்டறை எங்களுடையது. சிஓ2 வெல்டிங்கும் (கேஸ் பாதுகாப்பில் ஒயரை ஊட்டிப் பற்றவைப்பது) ராடும் சேர்ந்த சிங்கிள் பேஸ் இயந்திரத்தில் 200 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. போதுமா? (நாமக்கல்)

பதில்: 200 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அந்த ஆம்பியரில் ஓட்டலாம். 25 சதவீதம் என்றால் இரண்டரை நிமிடம் மட்டுமே. வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தை ஒட்டி ஏறுவதால், நிறுத்தாமல் ஓட்டுவதற்கு முதல் இயந்திரத்தில் சுமார் 155 ஆம்பியர் கிடைக்கும், இரண்டாவதில் 100 ஆம்பியர்தான் கிடைக்கும். இந்தக் கணக்கும் சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி என்று வைத்துச் சொல்லப்படுவது; சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழே இயந்திரம் அதற்கும் முன்பே சூடேறி நின்றுவிடும்.

நாள் முழுவதும் நீளமான வெல்டிங் தையல் போடும் உங்கள் வேலைக்குத் தனி சிஓ2 இயந்திரம், அதுவும் மூன்று பேஸில், 60 சதவீதத்துக்குக் குறையாததாக வாங்குவதே சரி. சிஓ2 வெல்டிங் மாறாத வோல்ட்டைக் கேட்கும், ராடு மாறாத ஆம்பியரைக் கேட்கும். இன்றைய இன்வெர்ட்டர்கள் இரண்டையும் தந்துவிடுகின்றன. ஆகையால் ராடு வசதி கூடவே வந்தால் வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை, அதற்காகக் கூடுதல் பணமும் கொடுக்க வேண்டியதில்லை. கேஸ் இல்லாத ஒயரை (உள்ளே ஃபிளக்ஸ் நிரப்பிய, தனி கேஸ் தேவைப்படாத ஒயர்) எப்போதாவது பயன்படுத்தினால் டார்ச்சை எதிர்முனைக்கு மாற்ற மறக்காதீர்கள். சாதாரண ஒயருக்கு அது நேர்முனையில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஆக்சிஜன், எல்பிஜி கட்டிங் செட் ஏற்கெனவே இருக்கிறது. பிளாஸ்மா அவசியமா?

பதில்: 40 ஆம்பியர் பிளாஸ்மா 10 மில்லிமீட்டர் வரை இரும்பைச் சுத்தமாக வெட்டும்; 25 மில்லிமீட்டர் தகட்டுக்கு உங்கள் கேஸ் செட்டே மேல். எவர்சில்வரை மட்டும் கேஸ் வெட்டாது, குரோமியம் ஆக்சைடு உருகி ஓடாமல் வழியை அடைத்துக்கொள்ளும். பிளாஸ்மா வாங்கினால் கம்ப்ரஸரையும் ஈரம் பிரிக்கும் வடிகட்டியையும் சேர்த்து விலை போடுங்கள், ஏனென்றால் காற்றில் ஈரம் இருந்தால் டார்ச் முனையில் உள்ள நாசிலும் எலக்ட்ரோடும் விரைவில் தேய்ந்துபோகும்.

கேள்வி: தோட்டத்தில் கலப்பை, கேட், தண்ணீர்க் குழாய் என்று மாதத்துக்கு இரண்டு நாள்தான் வேலை. (உடுமலைப்பேட்டை)

பதில்: உங்களைப் போன்றவருக்குத்தான் கூட்டு இயந்திரம் பொருந்தும், ஏனென்றால் வேலை செய்பவர் ஒருவரே, காத்திருக்க இன்னொருவர் இல்லை. ஆனால் பிளாஸ்மா உள்ளதை வாங்கினால், அதற்கு ஏற்ற நாசில் உள்ளூர்க் கடையில் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தோட்டத்து லைனில் வோல்ட் இறங்கும் என்றால், குறைந்த வோல்ட்டிலும் 10 கேஜ் (சுமார் 3.15 மில்லிமீட்டர்) ராடை எரிக்கும் இயந்திரமா என்பதை நேரில் ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

கேள்வி: வெல்டிங், கட்டிங், துரு நீக்கம் மூன்றும் செய்யும் கையடக்க லேசர் வந்திருக்கிறதே, அது எப்படி?

பதில்: மெல்லிய எவர்சில்வர் தகட்டில் வேகமும் சுத்தமும் வியக்க வைப்பவை என்பதில் எனக்கு ஐயமில்லை; இணைப்பில் இடைவெளி இருந்தால் அந்த வியப்பு குறைந்துவிடும். கையால் பிடித்து வெட்டுவது, நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை அறுத்தெடுக்கும் அளவுக்குத்தான் உதவும். கோடு பிசகாத வெட்டுக்கு மேசை வேண்டும். நான் தயங்குவது வேறொன்றுக்காக. 1,500 வாட் லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தகட்டில் பட்டுத் தெறித்தாலும் விழித்திரையைச் சுட்டுவிடும், சாதாரண வெல்டிங் கண்ணாடி அதற்காகச் செய்யப்பட்டதன்று. அந்த ஒளிக்கென்றே தயாரான கண்ணாடியும், வேறு யாரும் நுழைய முடியாதபடி நான்கு பக்கமும் மூடிய அறையும் இல்லாத பட்டறையில் அதை இயக்க வேண்டாம்.