ஒரு போன் காணாதா?

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற கணக்காளர், இருப்பது வெள்ளவத்தையில். பேசுவதற்குப் பட்டன் போனும், வாசிக்கவும் கணக்கு எழுதவும் ஒரு சின்ன டேப்லட்டும் வைத்திருக்கிறேன். “ஒரு போன் காணாதா அப்பா? பேரனின் படம் அனுப்ப வாட்ஸ்அப்கூட இல்லையே” என்று மகள் ஞாயிறுதோறும் கேட்கிறாள். நான் வீண் பிடிவாதம் பிடிக்கிறேனா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிடிவாதம் இல்லை. இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருங்கள்.

மகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1996-இல் வந்த பாம் பைலட் என்ற கைக்கணினியில் தொலைபேசி கிடையாது. நாட்குறிப்பு, முகவரி, குறிப்புகள், அவ்வளவுதான். இரண்டு சிறிய பற்றரிகளில் வாரக்கணக்காக ஓடும். அதை வடிவமைத்த ஜெஃப் ஹோக்கின்ஸ், பைக்குள் அடங்குமா என்று பார்க்க முதலில் ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தவர். பிறகு அவரே தொடங்கிய ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனம்தான் 2002-இல் ட்ரியோ என்ற பெயரில் போனையும் கைக்கணினியையும் ஒன்றாக்கி விற்றது. இலக்கம் ஒன்றில் இருக்க, அதைப் பார்த்துப் பார்த்து இன்னொன்றில் அழுத்துவது யாருக்கும் அலுப்புத்தானே.

ஆனால் போன் எந்நேரமும் விழித்திருக்க வேண்டிய பொருள். கைக்கணினியோ பெரிய திரையும் இணையமுமாகப் பற்றரியைக் குடிப்பது. ஒரே பற்றரியை இரண்டுக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்று 2022-இல் கண்டேன். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. ஒரு நாள் இரவு வெக்கையில் தூக்கம் வராமல் போனில் வாசித்துக்கொண்டே இருந்தேன். அது அணைந்துவிட்டது. விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தம்பி ஏழு தடவை எடுத்திருக்கிறான். கரண்ட் வந்து போனைச் சார்ஜில் போட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். அம்மா தேறிவிட்டார். ஆனாலும் அந்த ஏழு தடவையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. அடுத்த கிழமையே லிபர்ட்டி பிளாசாவுக்குப் போய் ஒரு பட்டன் போன் வாங்கினேன். ஒருதரம் சார்ஜ் ஏற்றினால் நாலைந்து நாள் நிற்கிறது. இரவில் தலைமாட்டில் அதுதான் இருக்கும்.

களவு போவதையும் யோசியுங்கள். வங்கிச் செயலி டேப்லட்டில், எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வரும் சிம் பட்டன் போனில் என்று இருந்தால், 100-ஆம் இலக்க பஸ் நெரிசலில் ஒன்றை அடித்தவன் கையில் மற்றது இராது. ஒரே பையில் மட்டும் இரண்டையும் போடாதீர்கள்.

சரி, பேரனின் படத்துக்கு வருவோம். உங்கள் டேப்லட் ஆண்ட்ராய்டு என்றால் வாட்ஸ்அப்பை அதிலேயே பதிந்து பார்க்கலாம். பதியும்போது வரும் ஆறு இலக்கக் குறியீடு பட்டன் போனுக்கு வரும், அதைப் பார்த்து டேப்லட்டில் தட்டினால் போதும். வீட்டு வைஃபையில் படமும் வீடியோ அழைப்பும் பெரிய திரையில் நன்றாகவே தெரியும். வரும் ஞாயிறு மகள் வந்ததும் டேப்லட்டை அவரிடமே கொடுத்துப் பதிந்து தரச் சொல்லுங்கள்.