ரிசீவர் இருக்கட்டும், டேப் எங்கே?

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டில் வீட்டைப் புதுப்பித்து, ஹாலில் ஹோம் தியேட்டர் வைக்கப்போகிறேன். 4கே டிவி வாங்கியாகிவிட்டது. ஈப்போ கடையில் இரண்டு ஏவி ரிசீவர் (படத்தையும் சத்தத்தையும் வாங்கி டிவிக்கும் ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் பெட்டி) காட்டினார்கள். ஒன்றில் 'வீடியோ அப்கன்வெர்ஷன்' உண்டு, 600 வெள்ளி (ரிங்கிட்) கூடுதல். பழைய படத்தையும் 4கே ஆக்கிவிடும் என்கிறார் கடைக்காரர். 1989இல் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை வீடியோ எடுத்தார்கள். அது விசிடியாக, அதாவது பழைய வீடியோ டிஸ்காக, இருக்கிறது (டேப் ஸ்டோர் ரூமில் எங்கோ கிடக்கிறது). அம்மாவுக்குப் பெரிய திரையில் போட்டுக்காட்ட ஆசை. அந்த வசதி அவசியமா? டெனானா, யமாஹாவா? 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) போதுமா?

ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

பிராண்டு விஷயத்தில் எனக்கு யாரோடும் சண்டையில்லை. எதற்குப் பக்கத்தில் சர்வீஸ் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். 5.1 தாராளம். சென்டர் ஸ்பீக்கரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும்.

அப்கன்வெர்ஷனுக்கு வருகிறேன். கடைக்காரர் இரண்டு வேலைகளை ஒரே பெயரில் விற்கிறார். மஞ்சள் பிளக்கில் வரும் பழைய அனலாக் படத்தை எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு அனுப்புவது ஒன்று. அது உபயோகம்தான். பல ரிசீவர்களில் மஞ்சளில் நுழைந்தது மஞ்சளில்தான் வெளியே வரும், புது டிவிகள் சிலவற்றில் அதைச் செருக இடமே இல்லை. இன்னொன்று, சின்னப் படத்தைப் பெரிதாக்குவது. அதை உங்கள் டிவி எப்படியும் செய்தே தீரவேண்டும். 4கே திரையில் 3840க்கு 2160 புள்ளிகள், என்ன படம் வந்தாலும் அதை நிரப்பியாக வேண்டும். டிவிக்குள் இருக்கும் சிப் சும்மா செய்கிற வேலைக்கு 600 வெள்ளியா?

உங்கள் விசிடி 352க்கு 288 புள்ளிகள்தான். பழைய 4:3 படம் என்பதால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்ட பிறகும், திரையில் 61 புள்ளிக்கு ஒன்றுதான் டிஸ்கிலிருந்து வருகிறது. மீதி 60ஐயும் பக்கத்துப் புள்ளியைப் பார்த்து ஊகித்துப் போடுகிறார்கள். ரிசீவர் ஊகித்தால் என்ன, டிவி ஊகித்தால் என்ன?

இதெல்லாம் போகட்டும். அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. டேப் எங்கோ கிடக்கிறதாம்! மூலமே அதுதான் தம்பி. நம் நாட்டின் அன்றைய டிவி முறையான பிஏஎல்லில் (PAL) படத்தின் ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் மறு தடவை என்று விநாடிக்கு 50 அரைப்படங்கள் பதியும். இரண்டு அரையும் சேர்ந்தால் 576 வரி. விசிடி ஆக்கும்போது வழக்கமாக ஒரு அரையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். மிஞ்சியதையும் விநாடிக்கு 1,150 கிலோபிட்டுக்குள் அமுக்குவார்கள். கரகம் சுழலும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறதே, அதனால்தான். எறிந்த அந்தப் பாதி டேப்பில் இன்னும் இருக்கிறது. அதை ஸ்டோரில் போட்டுவிட்டு, இல்லாததை உண்டாக்கித் தரும் பெட்டிக்குக் காசு எண்ணுகிறீர்கள்.

எங்கள் தோட்டத் திருவிழாவுக்கும் ஒரு டேப் உண்டு. டவுனிலிருந்து வந்த வீடியோக்காரருக்குப் பின்னால் ஒரு பையன் பெரிய லைட்டைத் தூக்கிக்கொண்டு அலைவான். வெளிச்சம் பட்ட முகமெல்லாம் வெளுத்துப்போயிருக்கும். என் பெரியம்மா கூழ் ஊற்றிக்கொண்டிருக்கிறார், மூக்கும் முழியும் தெரியாது. ஆனால், "டேய், லைட்ட அந்தப் பக்கம் திருப்புடா, எங்க ஊத்துறதுன்னே தெரியல" என்ற சத்தம் கணீரென்று கேட்கும். பின்னாலிருந்து யாரோ அவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட, அதற்கொரு வசவு. அந்தப் பட்டப்பெயர் எந்தப் போட்டோவிலும் இல்லை. லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடத்தில் இப்போது செம்பனை மரங்கள். எனக்கு 4கே வேண்டாம், அந்த வசவு தெளிவாகக் கேட்டால் போதும். கல்யாண வீடியோக்களில் அதற்கும் வழியில்லை. எடிட் செய்கிறேன் பேர்வழி என்று சனங்களின் பேச்சை அழித்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டார்கள். எந்தப் புண்ணியவான் தொடங்கிவைத்த வழக்கமோ! எங்கள் திருவிழா டேப், எடிட்டுக்குக் காசில்லாமல் தப்பித்தது.

சாதாரண விஎச்எஸ் (அந்தக் கால வீடியோ கேசட்) கேமராவில் அந்தக் குரல் எங்கே பதிகிறது தெரியுமா? அரை அங்குல நாடாவின் மேல் ஓரத்தில், ஒரே ஒரு மில்லிமீட்டர் அகலத்தில். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணம் கண்ணில் படுவதும் ஓரத்தில்தான். இன்றைக்கே தேடி எடுங்கள். ஜன்னலோரம் பிடித்து, கேசட்டின் கண்ணாடி வழியே சுருளைப் பாருங்கள். விபூதி பூசியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தால், ஆசைக்குக்கூட பிளேயரில் போடாதீர்கள். நாடா ஒட்டியிருந்தால் கிழியும், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஏறும் பூஞ்சணம் அடுத்த டேப்பையும் கெடுக்கும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிறகு நல்ல பிளேயரில், எஸ்-வீடியோ (மஞ்சள் பிளக்கைவிடத் தெளிவான இணைப்பு) வழியாக, 576 வரியும் விடாமல் பதியச் சொல்லுங்கள். பென்டிரைவில் எம்பி4 போட்டுத் தருகிறேன் என்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அமுக்காத கோப்பும் வேண்டும் என்று அடம்பிடியுங்கள். 600 வெள்ளி அதற்குப் போகட்டும். வேலை முடிந்ததும் டேப்பையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள், கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

அம்மாவுக்குப் போட்டுக்காட்டும்போது பக்கத்தில் போனில் ரெக்கார்டரை ஓடவிடுங்கள். இது யார், யார் மகள், எந்த லயம் என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். ரிசீவரைத் தீபாவளி மலிவு விற்பனையில் பார்த்துக்கொள்ளலாம்.