உப்புக் காற்றில் கிடந்த பவர் டில்லர்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: தென்னந்தோப்புக் கொட்டகையில் ஆறேழு வருடமாகக் கிடக்கும் அப்பா காலத்து டீசல் பவர் டில்லரை மறுபடி ஓட்ட வேண்டும். ஹேண்டில் போட்டால் அசையவே இல்லை. பிஸ்டன் ஒட்டிவிட்டதா?
- வாசகர், உச்சிப்புளி

பதில்: அப்படி முடிவு கட்டுமுன் வி-பெல்ட்டுகளைக் கழற்றுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் சேராமல் விடும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, ஃப்ளைவீலை (எஞ்சின் பக்கத்துக் கனச் சக்கரம்) கையால் அசைத்துப் பாருங்கள். சுற்றினால் கோளாறு கிளட்ச்சிலோ கியர் பெட்டியிலோ இருக்கிறது. எஞ்சினைத் தொட வேண்டாம். சுற்றாவிட்டால் பெரும்பாலும் சிலிண்டருக்குள் துரு ஏறியிருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் எஞ்சின் நின்றிருந்தால், மூடாத சைலன்சர் வழியாக ஈரக்காற்று நேரே உள்ளே போகும்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி அந்தத் துளை வழியாக எண்ணெய் விடச் சொல்வார்கள். சரிதான். ஆனால் டில்லர் எஞ்சினில் சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கும். விட்ட எண்ணெய் அடிப்பக்கமே தேங்கும். மேல் பாதி காய்ந்தே கிடக்கும். பலருக்கு வாரக்கணக்கில் ஊறவைத்தும் பிஸ்டன் அசையாததற்கு இதுதான் காரணம். எஞ்சின் ஆயிலையும் டீசலையும் வடித்துவிட்டு, ஹெட் (சிலிண்டரின் மூடி) மேலே வரும்படி வண்டியைச் சாய்த்து நல்ல முட்டுக் கொடுங்கள். ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேடிக் கியர் பெட்டிக்கான ஆயில்) அசிட்டோனும் சம அளவு கலந்து 100 மில்லி விடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். திறந்த வெளியில் வேலை செய்யுங்கள், பக்கத்தில் பீடி கூடாது. கலவையின் மட்டம் இறங்க இறங்க ஊற்றி, நான்கைந்து நாள் விடுங்கள்.

பிறகு ஃப்ளைவீலை மரக்கட்டையால் நெம்பி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசையுங்கள். நூலளவு அசைந்தாலே போதும், மறுநாள் இன்னும் வரும். வேறு வண்டியில் கட்டி இழுக்கவே கூடாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்தால் செலவு பல மடங்காகும்.

சுழலத் தொடங்கியதும் நாசில் இல்லாமலே சுற்றி உள்ளே நிற்கும் கலவை முழுவதையும் வெளியேற்றுங்கள். திரவம் அழுந்தாது, மிச்சம் இருந்தபடி ஸ்டார்ட் செய்தாலும் ராடு வளையும். ராக்கர் மூடியைத் திறந்து இரண்டு வால்வும் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். புது ஆயிலில் கால் மணி நேரம் ஓட்டி, அதை வடித்து மறுபடி புது ஆயில் ஊற்றுங்கள். அதன் பிறகும் நீலப்புகை நிற்காவிட்டால் ஹெட்டைக் கழற்றி லைனரை (பிஸ்டன் ஓடும் உள் உறை) நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: ஸ்டார்ட் ஆகிறது, பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது.
- வாசகர், பெரியபட்டினம்

பதில்: டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள். ஓடினால் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தினால் தீர்ந்தது. இல்லையென்றால் டேங்க் துரு ஃபில்டரை அடைக்கிறது. டேங்கைக் கழற்றி, ஒரு பிடி சிறு நட்டுகளும் அரை லிட்டர் டீசலும் போட்டுக் குலுக்கி, டீசல் தெளிவாக வரும்வரை அலசுங்கள். ஃபில்டரையும் செம்பு வாஷர்களையும் புதிதாகப் போட்டபின் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். முதலில் ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். குமிழி நின்றதும் இறுக்குங்கள். அடுத்து நாசில் பைப் நட்டைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை சுற்றுங்கள். நாசில் பீய்ச்சும்போது எதிரே கை வைக்காதீர்கள், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். டீசல் பம்பை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம். மீன்பிடிப் படகு எஞ்சின்களுக்கு வேலை பார்க்கும் பம்ப் கடையில் கொடுங்கள்.

கேள்வி: போன ஆவணியில் அடித்த பெயின்ட் ஐப்பசி மழைக்குள் கொப்பளித்துவிட்டது. பிரைமர் மோசமா?
- வாசகர், மண்டபம்

பதில்: பிரைமர் மீது பழி போடுமுன் உப்பைப் பாருங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் இரும்பு பளபளக்கும். குழிகளில் உப்பு அப்படியே இருக்கும். அது பெயின்ட்டுக்கு அடியிலும் ஈரத்தை இழுக்கும். சுரண்டிய பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை பிரஷ் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அன்று மாலைக்குள் எபாக்சி பிரைமர் இரண்டு கோட் அடியுங்கள். ஓர் இரவு திறந்து விட்டாலே கடல்காற்று மறுபடி உப்பைப் படியவைக்கும். கடல் மணலால் தேய்ப்பது அறவே கூடாது.

சிறு பாகங்களின் துருவை எடுக்க மின்சார முறை மிக நல்லது. 20 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சலவைச் சோடா. 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் அதில் அமிழ்த்திய துருப் பாகத்துக்கு, பாசிட்டிவ் அதிலேயே அமிழ்த்திய ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு. அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் நச்சு குரோமியம் கலக்கும். சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். அலுமினியப் பாகத்தை இதில் போடவே கூடாது. ஹைட்ரஜன் கிளம்புவதால் வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

கேள்வி: ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றலாமா?
- வாசகர், ஏர்வாடி

பதில்: வேண்டாம். நம் கரையோர போர் தண்ணீரின் உப்பு லைனரைச் சுற்றிப் படிந்து சூட்டை வெளியே விடாது, ரேடியேட்டரையும் அரிக்கும். பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட்டை டப்பாவில் எழுதிய அளவுக்குக் கலந்து ஊற்றுங்கள். அவசரத்துக்கு மழைத் தண்ணீர் பரவாயில்லை. ஆனால் முதல் மழை கூரையில் படிந்த உப்பைக் கழுவிக்கொண்டு வரும், அதைப் பிடிக்காதீர்கள்.