மணலுக்கும் பனிக்கும் கேமரா வாங்குவதற்கு முன்

பாலைவனத்துக்கும் வடகோடி நாடுகளுக்கும் படமெடுக்கக் கிளம்புகிறவர்களின் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் 'எதை வாங்கட்டும்?' என்றே கேட்டிருக்கிறீர்கள். சிலவற்றுக்கு என் பதில் 'வாங்காதீர்கள்' என்பதுதான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நமீபியாவின் சோசஸ்ஃபிளே மணல்மேடுகளைப் படமெடுக்கப் போகிறேன். என் மிரர்லெஸ் கேமரா நான்கு வருடப் பழசு. அதனுடன் வந்த கிட் லென்ஸ்தான் இருக்கிறது. மழையும் தூசியும் புகாதபடி அடைக்கப்பட்ட 'வெதர் சீல்டு' மாடலுக்கு மாறினால் மணலைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிறார் விற்பனையாளர். மாறலாமா?

அதற்காக மட்டும் மாறாதீர்கள். 'வெதர் சீல்டு' என்ற சொல்லுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. கைப்பேசிகளுக்குப் போடுவதுபோல், தூசியையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஐபி எண் போட்டு விற்கப்படும் கேமராக்கள் மிகக் குறைவு. ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1 ஐபி53 என்றும், லைக்கா எஸ்எல்2 ஐபி54 என்றும் குறிப்பிடப்படுகின்றன. இதில் முதல் எண்ணான 5 தூசிக்கானது. அதற்குக்கூடத் தூசி உள்ளே போகவே போகாது என்று அர்த்தமில்லை. போனாலும் இயக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போகாது, அவ்வளவுதான். எண்ணே இல்லாத மாடல்களில் அந்த உறுதியும் இல்லை. ரப்பர் வளையங்கள் வைத்திருக்கிறோம் என்பதோடு நிறுவனத்தின் பேச்சு முடிந்துவிடும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் வாரண்டி தாளைக் கடையிலேயே விரித்துப் படியுங்கள். மணல், நீர் ஆகியவற்றால் வரும் பழுது சேராது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். விளம்பரத்தில் மழையில் நனைகிற கேமராவுக்கும் இதே வரிதான். 'மணல் புகுந்தால் இலவசமாகச் சரிசெய்வீர்களா, எழுதித் தருவீர்களா?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் விற்பனையாளரின் பேச்சு மாறிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. உடல் மட்டும் சீல் ஆகியிருந்தால் போதாது. லென்ஸ் மாட்டும் இடத்தில் மெல்லிய ரப்பர் வளையம் இருக்க வேண்டும். சாதாரண கிட் லென்ஸ்கள் பலவற்றில் அது இருக்காது. புது உடலில் உங்கள் பழைய லென்ஸை மாட்டினால், கதவைப் பூட்டி ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான்.

அந்தப் பணத்தில் சிறு பகுதியைக் காற்றடிக்கும் ரப்பர் ப்ளோயர், மென்மையான பிரஷ், இறுக மூடும் பைகள், கேமராவுக்கு ஒரு மழை உறை ஆகியவற்றில் போடுங்கள். மீதியைப் பழக்கம் பார்த்துக்கொள்ளும். காற்றில் துள்ளிப் பறக்கும் மணல் பெரும்பாலும் தரைக்கு மேல் முழங்கால் உயரத்துக்குள்தான் ஓடுகிறது. அதைவிட உயரத்துக்கு எழும்புவது நுண்ணிய தூசி. ஆகவே கேமரா பையைத் தரையில் வைக்காமல் இருந்தாலே பாதி மணல் குறைந்துவிடும். வெளியே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வண்டிக்குள், கண்ணாடியை ஏற்றி, ஏசி காற்றை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். ஜூம் செய்தால் நீளும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கும். அதோடு தூசியும் வரும்.

துடைக்கும் வரிசை ரொம்ப முக்கியம். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தன்மை அளவில் அது 7. சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5. மணல் ஒட்டியிருக்கும் லென்ஸைத் துணியால் துடைப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். முதலில் ப்ளோயர், பிறகு பிரஷ், கடைசியில்தான் துணி.

பணம் மிஞ்சினால் தங்கும் இடத்தில் போடுங்கள். சோசஸ்ஃபிளேக்குச் செஸ்ரியம் வாசல் வழியாகப் போக வேண்டும். வெளி வாசல் சூரிய உதயத்தில்தான் திறக்கும். பூங்காவுக்குள் தங்குபவர்களுக்கு உள் வாசலை ஒரு மணி நேரம் முன்பே திறக்கிறார்கள். அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர், கடைசிச் சில கிலோமீட்டர் நான்கு சக்கர இழுவை வண்டி மட்டுமே போகும் மணல்பாதை. வெளியே தங்கினால் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் மேட்டின் ஒரு பக்கம் சிவந்து மறுபக்கம் கறுத்து நிற்கும் அந்த நேரம் போய்விடும். எந்தக் கேமராவும் அதைத் திருப்பித் தராது. முன்பதிவு செய்யும்போது 'பூங்காவின் உள்ளேயா, வெளியேயா?' என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 'சோசஸ்ஃபிளே' என்று பெயர் வைத்திருக்கும் எல்லா விடுதியும் உள்ளே இல்லை.

கேள்வி: லென்ஸ் வாங்கும்போதெல்லாம் அதன் முன்னால் மாட்டும் யூவி ஃபில்டரையும் தலையில் கட்டுகிறார்கள். அது உண்மையிலேயே தேவையா?

பாலைவனத்துக்குத் தேவை. முன்கண்ணாடியில் கீறல் விழுவதைவிட ஃபில்டரில் விழுவது மேல். சில சீல்டு லென்ஸ்களுக்கு முன்பக்கம் ஃபில்டர் மாட்டினால்தான் சீல் முழுமையாகும் என்று தயாரிப்பாளரே கையேட்டில் சொல்கிறார். உங்கள் லென்ஸின் கையேட்டையும் பாருங்கள்.

ஆனால் வடகோடி இரவு வானில் அலையும் துருவ ஒளியை (அரோரா) படமெடுக்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். துருவ ஒளியின் பச்சை நிறம் ஆக்சிஜனிலிருந்து 557.7 நானோமீட்டர் என்ற ஒரே அலைநீளத்தில் வருகிறது. தட்டையான ஃபில்டரின் இரு பரப்புகளுக்கு இடையே அந்த ஒளி எதிரொலித்து, படத்தின் நடுவில் வட்டம் வட்டமாகக் கோடுகள் விழும். சிறிய திரையில் கண்ணுக்குப் படாது, ஊருக்குத் திரும்பிக் கணினியில் பார்க்கும்போதுதான் தெரியும். விலை உயர்ந்த ஃபில்டர் என்றாலும் இது வரும். 'துருவ ஒளிக்கென்றே தனி யூவி ஃபில்டர்' என்று யாராவது விற்க வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: ஜனவரி கடைசியில் நார்வேயின் ட்ரோம்சோ போகிறேன். குளிரில் பேட்டரி நிற்காது என்கிறார்கள். ஒரிஜினல் பேட்டரி விலை அதிகம், வேறு நிறுவனத்தின் பேட்டரியை நாலைந்தாக வாங்கிக்கொள்ளலாமா? விமானத்தில் விடுவார்களா?

முதலில் குளிரில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். லித்தியம் அயான் பேட்டரிக்குள் அயனிகள் நகரும் வேகம் குளிரில் குறைகிறது, உள் மின்தடை ஏறுகிறது, மின்னழுத்தம் இறங்குகிறது. கேமரா அதைப் பார்த்து 'தீர்ந்துவிட்டது' என்று முடிவு செய்து அணைந்துவிடுகிறது. உள்ளே சார்ஜ் இன்னும் இருக்கும். அதைக் கழற்றி உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி உயிர் பெறும். அதனால் இரண்டு மூன்று பேட்டரிகளைச் சுழற்சியில் வைத்துக்கொண்டால் போதும். நாலைந்து வேண்டியதில்லை.

என் யோசனை: இரண்டு ஒரிஜினல். வேறு நிறுவனத்தின் பேட்டரி எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மேலே அச்சிட்ட திறன் உள்ளே இருக்கிறதா என்று வாங்குகிறவரால் சோதிக்க முடியாது. அதை மைனஸ் 15 டிகிரியில் நின்று கண்டுபிடிக்க வேண்டாம். மூன்றாவது வேண்டுமானால் அது வேறு நிறுவனத்துடையதாக இருக்கட்டும். வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் செய்து, எத்தனை படம் வரை நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

குளிர்ந்து கிடக்கும் பேட்டரியை அறைக்கு வந்ததும் சார்ஜரில் போடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் வரும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள்.

விமானத்தில் உதிரி பேட்டரிகள் கைப்பையில் மட்டும்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட் மணி வரை சிக்கல் இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கணக்குச் சுலபம்: மில்லி ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட் பவர் பேங்க் 74 வாட் மணி வரும். கேமரா பேட்டரிகள் 20-ஐத் தாண்டுவதே அபூர்வம். இந்த அளவு அச்சிடப்படாத பவர் பேங்கை வாங்காதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள். எண்ணிக்கைக்கும் சில நிறுவனங்கள் வரம்பு வைத்திருப்பதால் டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் விதியைப் பாருங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். குளிரில் கேமரா கெடுவதைவிட, குளிரிலிருந்து அறைக்குள் வரும்போதுதான் அதிகம் கெடுகிறது. அறையின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியிலும் உள்பாகங்களிலும் நீராகப் படியும். வெளியே நிற்கும்போதே கேமராவை இறுக மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கம் படியும். கேமரா அறைச் சூட்டுக்கு வர ஓரிரு மணி நேரம் ஆகலாம், அதுவரை திறக்க வேண்டாம். படங்களைப் பார்க்க ஆசை தாங்காது என்பதால் மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு பிளாஸ்டிக் பை.

கேள்வி: துருவ ஒளிக்கு எஃப் 4 ஜூம் போதுமா, எஃப் 1.8 லென்ஸ் வாங்க வேண்டுமா?

எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும். எஃப் 4-ஐவிட எஃப் 1.8 ஏறத்தாழ ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப் 4-இல் 15 விநாடி திறந்து வைக்க வேண்டிய இடத்தில் இதில் 3 விநாடி போதும். துருவ ஒளி நிலையாக நிற்பதில்லை, திரைச்சீலை மாதிரி அலையும். 15 விநாடியில் அந்த மடிப்புகள் எல்லாம் கரைந்து வெறும் பச்சைப் புகையாகிவிடும். வித்தியாசம் உண்மையானது. ஆனால் திரும்பி வந்த பிறகு அந்த எஃப் 1.8 லென்ஸை எத்தனை முறை எடுப்பீர்கள்? அதை யோசித்தால் வாடகைக்கு எடுப்பதுதான் சரி என்று தோன்றும். வாடகைக் காப்பீட்டில் நீர், பனி, மணல் சேர்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். புது கேமரா உடல் வேண்டாம். பத்து வருடப் பழைய முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சாரும் இந்த வேலையைச் செய்யும்.

கேள்வி: டிரைபாட் கார்பனா, அலுமினியமா?

பனிக்கு கார்பன். உறைபனியில் அலுமினியக் காலைத் தொட்டால் கையுறை வழியாகவே குளிர் ஏறும். பாலைவனத்துக்கு எதுவானாலும் சரி, கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடிகிறதா என்பதே கேள்வி. மணலில் ஊன்றும்போது அடிக்காலைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு ஊன்றுங்கள், பூட்டும் மூட்டு மணலுக்கு மேலே நிற்கும்.

கேள்வி: 'துருவ ஒளி நிச்சயம், உத்தரவாதம் உண்டு' என்று ஒரு சுற்றுலா நிறுவனம் விளம்பரம் செய்கிறது. 'சூரியச் சுழற்சி உச்சம், இதுதான் கடைசி வாய்ப்பு' என்றும் சொல்கிறது. நம்பலாமா?

அந்த உத்தரவாதம் என்ன தரும் என்று எழுத்தில் கேளுங்கள். பல நிறுவனங்களில் பணம் திரும்ப வராது, மறுநாள் இரவு இன்னொரு முறை இலவசமாக அல்லது தள்ளுபடியில் அழைத்துப் போவார்கள். மறுநாள் காலை உங்களுக்கு விமானம் என்றால் அந்த உத்தரவாதத்தால் பயனில்லை. எனவே போய்ச் சேர்ந்த முதல் இரவுக்கே பதிவு செய்யுங்கள். 'பார்த்தது' என்பதற்கு அவர்கள் கணக்கு என்ன என்றும் கேட்க வேண்டும். கேமராவில் மட்டும் தெரிந்த மங்கலான பச்சையையும் சிலர் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

மேகம் மறைத்தால் வண்டியில் வேறு பக்கம் தேடிப் போவார்களா, ஒரே இடத்தில் நிற்பார்களா? ட்ரோம்சோவிலிருந்து பின்லாந்து எல்லை வரை போகும் குழுக்கள் உண்டு. காசு கொடுப்பது அதற்குத்தான். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பதும் படமெடுப்பவருக்கு முக்கியம். பெரிய பேருந்தில் வந்த கூட்டத்தில் யாராவது ஒருவர் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டே இருப்பார்.

'கடைசி வாய்ப்பு' என்பதை நம்பவே வேண்டாம். சூரியனின் செயல்பாடு சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதுதான் சூரியச் சுழற்சி. இப்போதைய சுழற்சி 25 உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக நாசாவும் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும் 2024 அக்டோபரில் அறிவித்தது உண்மை. ஆனால் உச்சத்தால் அதிகம் பயன் பெறுவது தெற்கே இருக்கும் ஊர்கள். ட்ரோம்சோ, துருவ ஒளி வழக்கமாகத் தோன்றும் வளையத்துக்கு அடியிலேயே, 69 டிகிரி வடக்கில் இருக்கிறது. சூரியன் அமைதியாக இருக்கும் ஆண்டுகளிலும் அங்கே தெரியும். அவசரப்பட்டு முன்பணம் கட்டத் தேவையில்லை. நிலக்காட்சியும் வேண்டும் என்றால் பிப்ரவரி, மார்ச் இன்னும் நல்லது. நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடு வரை அங்கே சூரியன் எழுவதே இல்லை.

தங்குமிடத்தோடு சேர்ந்த பல நாள் சுற்றுலாவை ஐரோப்பிய நிறுவனத்திடம் வாங்கினால், 2015/2302 என்ற ஐரோப்பிய வழிகாட்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உண்டு. நிறுவனம் திவாலானால் பணம் திரும்பக் கிடைக்க ஏற்பாடு இருக்க வேண்டும். நார்வே, ஐஸ்லாந்துக்கும் இது பொருந்தும். ஒரே இரவுப் பயணத்தைத் தனியாக வாங்கினால் இது கிடையாது. அதற்குக் கிரெடிட் கார்டில் கட்டுவது நல்லது.

கேள்வி: ஐஸ்லாந்தில் வாடகை வண்டிக்கு 'மணல், சாம்பல்' காப்பீடு என்று தனியாக வாங்கச் சொல்கிறார்கள். ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. தெற்குக் கரையின் கருமணல் சமவெளிகளில் புயற்காற்று அடித்தால் எரிமலை மணல் வண்டியின் பெயிண்டையும் கண்ணாடியையும் அரித்துவிடும். சாதாரணக் காப்பீடு அதைச் சேர்ப்பதில்லை. தெற்குக் கரைக்குப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். இதையெல்லாம் வாங்கினாலும் காற்று பிடுங்கி மடக்கிய கதவுக்கும், ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினில் நீர் புகுந்ததற்கும் பெரும்பாலும் காசு வராது. வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்தி, கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். வண்டியை எடுக்கும்போதே நான்கு பக்கமும் முன்கண்ணாடியும் தெரிய வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 250 கிராமுக்குக் குறைவான டிரோன், எந்த நாட்டிலும் அனுமதி தேவையில்லை என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கலாமா?

அந்தப் பேச்சு தவறு. நார்வேயில் பொருந்தும் ஐரோப்பிய விதிப்படி, கேமரா உள்ள டிரோன் பொம்மை வகையில் சேராவிட்டால், எடை 250 கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் இயக்குபவர் பதிவு செய்ய வேண்டும். மொராக்கோவில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் சுங்கத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். நமீபியாவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும், தேசியப் பூங்காவுக்குள் அதற்கும் மேல் தனி அனுமதி. எந்தெந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, அனுமதி கைக்கு வந்த பிறகு டிரோனுக்குப் பணம் கட்டுங்கள்.