நாய்க்கு மடிக்கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு மெலாக்சிகாம்

போதாது. கட்டியை எடுத்தாயிற்று, இனி பரவாமலிருக்க மெலாக்சிகாம் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பரவலை உறுதியாக நிறுத்தும் மாத்திரை நாய்களுக்கு இல்லை.

ஆனால் டாக்டர் அதை எழுதியதில் காரணம் இருக்கும். வீரியமான மடிக்கட்டிகள் பலவற்றில், கட்டி வளரத் துணைபோகும் காக்ஸ்-2 என்சைம் அதிகம். இந்த மருந்து அதை அடக்கும், வலியையும் குறைக்கும்.

முதலில் பயாப்சி ரிப்போர்ட்டை எடுங்கள். கிரேடு, அதாவது கட்டியின் வீரிய அளவு, என்ன? நிணநீர்க் குழாய்க்குள் புற்றுச்செல்கள் நுழைந்திருக்கின்றனவா? ஆம் என்றால் நெஞ்சு எக்ஸ்ரே மூன்று கோணத்தில் எடுத்துவிட்டு (இந்தப் புற்று அதிகம் பரவும் இடங்களில் நுரையீரலும் ஒன்று), டாக்சோரூபிசின், கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துகள் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். கீமோ எல்லா நாய்க்கும் ஒரே மாதிரி கைகொடுக்காது.

அப்புறம், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டோடு மெலாக்சிகாம் சேர்க்கவே கூடாது. மலம் தார் மாதிரி கறுத்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.