தீபாவளிப் பட்சணம்: மும்பை வாசகர் கேள்விகளுக்கு உணவு ஆலோசகர் பதில்

மாட்டுங்காவில் 20 வருடமாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். பண்டிகை முடிந்து வருத்தத்தோடு வருகிறவர்களே அதிகம். இந்த முறை முன்கூட்டியே கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம்.

செம்பூர்: அக்கா, காலை 5 மணிக்குக் கங்கா ஸ்நானம், லேகியம், உடனே பட்சணம். 9 மணிக்குள் வயிறு மந்தமாகிவிடுகிறது. என்ன செய்ய?

முதல் நாள் இரவு 8 மணிக்குச் சாப்பிட்ட வயிறு அது. நல்ல பசி. எதிரில் இருப்பதோ மைசூர்பாகும் முறுக்கும். பசிக்குச் சாப்பிட்டால் யாரால் ஒன்றோடு நிறுத்த முடியும்? பூஜை முடிந்ததும் ஒரு வாய் இனிப்பு போட்டுக்கொண்டு, நேராக இட்லிக்கு உட்காருங்கள். எங்கள் வீட்டில் முதல் நாளே மாவும் துருவிய தேங்காயும் தயாராக இருக்கும். வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்டச் சுமார் 20 நிமிடம் ஆகும். அந்த 20 நிமிடம் இட்லி சட்னியில் கழியட்டும், பட்சணத் தட்டு அப்புறம் வரட்டும்.

மாட்டுங்கா, வயது 62: சர்க்கரைக்கு கிளிமெப்பிரைடு போட்டுக்கறேன். மத்தியானம் விருந்துன்னா காலையில பட்டினி இருந்து சரிக்கட்டலாமா? வெல்லப் பாயசம் பரவாயில்லையா?

வேண்டவே வேண்டாம் மாமி. இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளினால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, படபடப்பு, மயக்கம் வரை போகலாம். மருந்தின் அளவையும் நேரத்தையும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். வெல்லமும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், கலோரியும் கிட்டத்தட்ட சர்க்கரை அளவுதான். பாயசம் கால் கிண்ணம் போதும். அன்றைக்குச் சாதத்தைக் குறைத்துக் கூட்டு, பொரியலை அதிகம் போட்டுக்கொள்ளுங்கள்.

முலுண்ட்: பக்கத்து வீடுகளிலிருந்து கரஞ்சி, சக்லி, சிவ்டா என்று ஃபராள் (மராத்தியரின் தீபாவளிப் பலகாரம்) தட்டு வந்துகொண்டே இருக்கிறது. நம் வீட்டுப் பட்சணம் வேறு. பத்து நாளும் கை டப்பாவிலேயே இருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். தீபாவளியன்று ஒரு வேளை அதிகமாகச் சாப்பிட்டதை உடம்பு சமாளித்துவிடும். டப்பா காலியாகும்வரை தினமும் கொறிப்பதுதான் எடையாகச் சேர்கிறது. போன வருடம் என்னையே கவனித்தேன். குக்கர் விசில் வருவதற்குள் ஒரு முறுக்கு, போன் பேசிக்கொண்டே இன்னொன்று, துணி மடிக்கப் போகிற வழியில் ஒரு கை மிக்சர். உட்கார்ந்து தட்டில் வைத்துச் சாப்பிட்டது ஒன்றுகூட இல்லை, ருசியும் நினைவில் இல்லை. அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் எவர்சில்வர் சம்படங்களுக்கு மாற்றிப் பரணில் ஏற்றினேன். இப்போதும் அதுதான் வழக்கம். டீ நேரத்தில் மட்டும் இறக்கி, சின்னத் தட்டில் ஒரு முறுக்கு, ஒரு இனிப்பு.

தட்டைக் காலியாகத் திருப்பித் தர நமக்கு மனசு வராது, தரவும் வேண்டாம். எங்கள் மாடியில் நாலு வீட்டுக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரே பண்டம் என்று செய்கிறோம். எல்லா ருசியும் கிடைக்கிறது, குவிவதில்லை.

தாராவி: லேகியம் சாப்பிட்டுட்டா எவ்வளவு தின்னாலும் செரிச்சிடும்ல அக்கா?

இல்லை தம்பி. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் மந்த வயிற்றுக்கு இதமாக இருக்கும். தின்ற கலோரியைக் குறைக்காது. லேகியத்திலேயே வெல்லமும் நெய்யும் உண்டு, ஒரு டீஸ்பூன் நெய்யே 45 கலோரி. நெல்லிக்காய் அளவு போதும்.

டோம்பிவிலி: மாமியார் ஆசையாக "இன்னும் ஒண்ணு" என்று போடும்போது எப்படி மறுப்பது?

நாலு நாள் அடுப்படியில் நின்று செய்தவரிடம் "வேண்டாம்" என்றால் மனசு வாடிவிடும். இலை காலியாகத் தெரிந்தால்தான் அடுத்தது விழும். அதனால் மெதுவாகச் சாப்பிட்டு, கடைசித் துண்டை இலையிலேயே வைத்திருங்கள். "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா, ராத்திரிக்கு எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க" என்று சொல்லுங்கள். மறக்காமல் எடுத்து வைப்பார்.