பில்லில் மரத்தின் பெயர் இருக்கிறதா?

காய் நறுக்கும் மரப்பலகையைப் பரிசாகக் கொடுப்பது பற்றி வந்த கடிதங்கள் இந்த முறை. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: கஜா புயலில் தாத்தா வைத்த பலாமரம் சாய்ந்தது. அறுத்துப் பலகையாக அடுக்கி வைத்திருக்கிறோம். தை மாதம் அப்பாவுக்கு 80 நிறைகிறது. அந்த மரத்தில் எங்கள் நான்கு பேர் வீட்டுக்கும் ஆளுக்கொரு காய் நறுக்கும் பலகை செய்ய ஆசை. பலா ஆகுமா? தச்சரிடம் என்ன சொல்ல வேண்டும்? – வாசகி, ஆலங்குடி

பதில்: தாராளமாக ஆகும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் எடுக்கிற மரம் அது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் காய வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் மரம் விழுந்தது 2018 நவம்பரில். நன்றாகவே காய்ந்திருக்கும். ஆனால் தரையோடு கிடந்ததா, அடியில் கட்டை கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கியதா என்று பாருங்கள். தட்டினால் மாவு உதிர்ந்தாலோ, குண்டூசித் தலை அளவு துளைகள் தெரிந்தாலோ அந்தப் பலகையை ஒதுக்கிவிடுங்கள். வண்டு உள்ளே இருக்கிறது.

வெளிறிய ஓரத்தை விட்டு, மஞ்சள் ஏறிய வைரப்பகுதியில் எடுக்கச் சொல்லுங்கள். மரத்தின் நடு மையம் விழுகிற பலகை பின்னால் வெடிக்கும், அதுவும் வேண்டாம். இழைத்து முடித்த பிறகு ஓர் அங்குலத்துக்குக் குறையாத கனம் இருக்கட்டும். 15-க்கு 10 அங்குலம் ஒரு வீட்டுக்குப் போதும். அழகுக்காக இரண்டு முனையிலும் குறுக்குச் சட்டம் ஒட்ட விடாதீர்கள். மரம் நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு; அகலவாக்கில் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். சட்டம் அதைப் பிடித்து வைத்தால் பலகை பிளந்துவிடும்.

உப்புத்தாள் 80, 120, 220 என்ற எண்களில், சொரசொரப்பிலிருந்து நைசுக்குப் படிப்படியாகப் போட்டபின், ஈரத் துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். நார் எழும்பிச் சொரசொரக்கும். அதன்மேல் மறுபடி ஒரு முறை 220. அவசரத்தில் விட்டுப்போகிற வேலை இது, கேட்டுச் செய்ய வையுங்கள்.

பலகைகளைத் தச்சரிடம் ஒப்படைக்கும் முன் ஒவ்வொன்றின் முனையிலும் குறி போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அளவு, கூலி, நாள், வார்னிஷ் கூடாது என்பது எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி அவரிடம் 'சரி' வாங்குங்கள். நல்ல தச்சர் இதைத் தவறாக நினைக்க மாட்டார். பட்டறையில் பலகை மாறிப்போனால் தாத்தா மரத்துக்கு யாராலும் ஈடு தர முடியாது.

பெயர் பொறிப்பதானால் ஒரு பக்கம் மட்டும். கத்தி மறுபக்கம் படட்டும். பலா வைரத்தைக் கொதிக்க வைத்துத்தான் பௌத்தத் துறவிகளின் ஆடைக்கு மஞ்சள் ஏற்றினார்கள். அதனால் முதல் சில முறை கழுவும்போது தண்ணீர் லேசாக மஞ்சளானால் பயப்பட வேண்டாம். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 299 ரூபாய்க்கு 'ஒரிஜினல் தேக்கு' பலகை, கத்தி இலவசம். நம்பி வாங்கலாமா? – வாசகர், ஆவடி

பதில்: வேண்டாம்.

கேள்வி: மறைந்த என் அம்மா கைப்பட எழுதிய வத்தக்குழம்புக் குறிப்பைப் பொறித்து, மகளுக்கு வேப்பமரப் பலகை தரச் சொல்லி, சமூக ஊடகத்தில் விற்கும் ஒருவருக்கு முழுப் பணமும் அனுப்பினேன். வந்தது மரத்தூள் அட்டை மேல் ஒட்டிய காகிதம். ஒரு முறை கழுவியதும் ஊதிவிட்டது. 'பெயர் பொறித்ததைத் திரும்ப எடுப்பதில்லை' என்கிறார். – வாசகி, திருச்சி

பதில்: படித்ததும் மனசு ஆறவில்லை, அம்மா. அவர் சொல்வது சட்டப்படி நிற்காது. உங்களுக்கு மனம் மாறியதால் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்றால் அவர் மறுக்கலாம். வேம்பு என்று சொல்லி அட்டையை அனுப்பியது வேறு விஷயம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் அதைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது.

விளம்பரம், உரையாடல், பணம் போன ரசீது மூன்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள். பதிவை அவர் நீக்கிவிடலாம். ஊதிய பலகையைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. எழுத்தில் ஒரு புகார் அனுப்பிவிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் திருச்சியிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அம்மாவின் கையெழுத்துத் தாளை இனி யாருக்கும் அசலாக அனுப்பாதீர்கள்.

கேள்வி: பொருட்காட்சியில் பளபளப்பான பலகை வாங்கினேன். 'கெட்டி மரம் சார்' என்றார்கள். மூன்றே மாதத்தில் பூச்சு உரிந்து வெங்காயத்தோடு வருகிறது. இது என்ன மரமாக இருக்கும்? – வாசகர், சேலம்

பதில்: படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பிய பில்லில் 'வுட் போர்டு – 1' என்று மட்டும் இருக்கிறது. என் நெடுநாள் ஆதங்கமே இதுதான். அரிசி வாங்கினால் பொன்னியா, சீரகச் சம்பாவா என்று கேட்கிற நாம், மரம் என்றதும் 'நல்ல மரம்', 'கெட்டி மரம்' என்ற பேச்சுக்குத் தலையாட்டிவிடுகிறோம்.

பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. தேக்கு தண்ணீரைத் தாங்கும், ஆனால் அதிலுள்ள சிலிக்கா கத்தியைச் சீக்கிரம் மழுக்கும். ரப்பர் மரம் மோசமில்லை. வண்டும் பூஞ்சையும் எளிதில் பிடிப்பதால் போரான் உப்பில் பதப்படுத்துவார்கள், அதைச் சொல்லி விற்க வேண்டும். மூங்கில் பலகை என்பது சிறு பட்டைகளைச் சேர்த்து ஒட்டியது, பசை எப்படியோ பலகை அப்படி. நான் வாங்கிய ஒன்று ஒட்டுவாய் முழுக்கப் பிரிந்து வந்தது. வேங்கை என்று சொல்லி எனக்கு விற்ற இன்னொன்றில் செஞ்சாயம் துணியெல்லாம் இறங்கி, அடியில் வெள்ளை மரம் தெரிந்தது. இரண்டு பில்லிலும் மரத்தின் பெயர் இல்லை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அச்சு வரியைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம். என்ன மரமோ அதைப் பேனாவால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

உங்கள் பலகையின் முனையைப் பாருங்கள். மேற்பக்கத்து ரேகை முனையிலும் தொடர்ந்து இறங்கினால் முழு மரம். பூச்சு முழுவதையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் பூசிப் பயன்படுத்தலாம். ரேகை மேலோடு நின்று உள்ளே தூள் தெரிந்தால் சமையலறையில் வைக்காதீர்கள்.

கேள்வி: கல்யாணப் பரிசாக வந்த பலகையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தேன். வளைந்துவிட்டது. பில் இல்லை. கடை மேல் வழக்குப் போடலாமா? – வாசகர், மதுரை

பதில்: கடைக்காரர் என்ன தப்புச் செய்தார்? மரத்தை ஊறவைக்கக் கூடாது என்று அந்தப் பலகையோடு வந்த சீட்டிலேயே இருக்கிறது, நீங்களே படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். படித்துப் பார்த்திருக்கலாம். குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி ஈரத் துணி மேல் வைத்து, பாரம் ஏற்றி வையுங்கள். சில சமயம் நிமிரும்.

கேள்வி: இடித்த பூர்வீக வீட்டின் பச்சை பெயிண்ட் அடித்த கதவில் பலகை செய்யலாமா? – வாசகி, தேவகோட்டை

பதில்: சமையலறைக்கு வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தேய்க்கவும் கூடாது, தூள்தான் ஆபத்து. பெயிண்ட் படாத உத்தரமோ படிக்கட்டையோ மிஞ்சியிருந்தால் அதில் செய்யுங்கள்.

கேள்வி: மரப்பலகையில் கறி, மீன் வெட்டலாமா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: வெட்டலாம். கறிக்கடையில் இருப்பதே புளியங்கட்டைதான். 1990-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உணவுக் கிருமி ஆய்வாளர் டீன் கிளைவர் குழு நடத்திய சோதனைகளில், மரத்துக்குள் இறங்கிய கிருமிகள் பெருகாமல் மடிந்தன. கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைச் சுத்தம் செய்வதுதான் சிரமமாக இருந்தது. ஆனாலும் கறிக்கும் காய்க்கும் தனித்தனிப் பலகை வேண்டும்.

கேள்வி: பரிசுப் பலகைக்கு நல்லெண்ணெய் பூசலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: கூடாது, நாளடைவில் பிசுபிசுத்துச் சிக்கு வாடை வரும். ஹார்ட்வேர் கடையில் விற்கும் டபுள் பாயில்டு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும் வேண்டாம், சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் கேளுங்கள், வேறு எதுவும் கலக்காததாக. நான்கு பங்குக்கு ஒரு பங்கு தேன்மெழுகு உருக்கிச் சேர்த்தால் இன்னும் நல்லது. முனைகள்தான் தண்ணீரை அதிகம் இழுக்கும், அங்கே கூடுதலாகப் பூசுங்கள். முதல் மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை போதும். பரிசோடு ஒரு சின்ன பாட்டிலும் வைத்துக் கொடுங்கள்.